எலியைப் பிடிக்கட்டும், குருவியை விடட்டும்: பூனைகளை இப்படிப் பழக்க வழி உண்டா?

குலசேகரம் தையல்:

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரத்தில் இருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. மூன்று பக்கமும் ரப்பர். வீட்டைச் சுற்றி ஒரு அயினி, இரண்டு பலா, ஒரு கொல்லாமரம், பின்னால் மட்டி வாழையும் கொஞ்சம் மரச்சீனியும். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். மெஷின் முன்திண்ணையில் கிடப்பதால் முற்றத்தில் நடப்பது எல்லாம் கண்ணில் படும்.

எங்களிடம் இரண்டு பூனைகள். அம்மிணி வெள்ளையும் கறுப்பும் மஞ்சளும் கலந்தவள். மணியன் அவள் பெற்ற மஞ்சள் கடுவன். விறகுப்புரையில் எப்போதும் தேங்காய் கிடக்கும், கொப்பரையும் கிடக்கும். அங்கே எலித் தொல்லை தாங்க முடியாமல் போனபோதுதான் மாமியார் பக்கத்து விளையில் இருந்து அம்மிணியைக் குட்டியாக வாங்கி வந்தார்கள். அவள் வளர்ந்த பிறகு கொப்பரையில் எலிப் பல் படுவது அநேகமாக நின்றுவிட்டது. அந்த உபகாரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எலியோடு நிற்கவில்லை. ஓணான், அரணை, பல்லி, அணில் குஞ்சு, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி என்று எல்லாம் வீட்டுக்குள் வருகிறது. மூஞ்சூறைக் கொன்று அடுக்களை வாசலில் போட்டுவிட்டுப் போய்விடுவாள், அந்த நாற்றத்துக்கு வாய் வைக்க மாட்டாள். எலி என்றால் தலையில் தொடங்கி வால் வரை போய்விடும், பச்சையாக ஒரு குடல் துண்டு மட்டும் தரையில் ஒட்டிக் கிடக்கும். வாயில் எதையாவது கவ்வியிருக்கும்போது அவள் கூப்பிடுகிற சத்தமே வேறு. தொண்டை அடைத்த மாதிரி, நீளமாக, வீட்டில் யாரையோ தேடுகிற மாதிரி வரும். அது காதில் விழுந்தால் தைத்துக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடுவேன். சில நேரம் காப்பாற்ற முடியும். ஒரு அணில் குஞ்சை அப்படி மீட்டுப் பலாமரக் கிளையில் வைத்தேன், தாய் அணில் வந்து கவ்விக்கொண்டு போனது.

இந்த ஐப்பசியில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஆறுமணிக்குருவி வருஷா வருஷம் மழைக்காலத்தில் எங்கள் விளைக்கு வரும். விடிகிறபோதும் இருட்டுகிறபோதும் அதன் இரட்டை விசில் கேட்கும். நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அம்மிணி அதைக் கொண்டுவந்து தையல் மெஷின் காலடியில் வைத்தாள். உயிர் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். முதுகு பச்சை, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, இறக்கையில் நீலம், வாலுக்கு அடியில் நல்ல சிவப்பு. இவ்வளவு பக்கத்தில் அதைப் பார்த்ததே இல்லை. காயம் என்று பார்த்தால் இறக்கைக்கு அடியில் ஊசி குத்திய அளவுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். பிழைத்துவிடும் என்று அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்தேன். மறுநாள் பொழுது விடியும்போது இறந்துபோயிருந்தது.

மாமியாரிடம், இனி பூனைகளை அடைத்து வைக்கலாமா என்று கேட்டேன். "அடச்சுப் போட்டா பின்ன எதுக்கு பூனை? எலி சிரிக்கும்" என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எலி மருந்து வைப்பதில் எங்கள் யாருக்கும் விருப்பம் இல்லை.

அதனால் கேட்கிறேன். எலியைப் பிடிக்கவும் வேண்டும், குருவியை விடவும் வேண்டும், இப்படி ஒரு ஏற்பாடு உண்டா? வயிறு நிறையப் போட்டால் வேட்டை குறையுமா? கழுத்தில் மணி கட்டலாமா? அந்தச் சின்னக் காயத்துக்கு ஏன் குருவி செத்தது? இன்னொன்று, போன மாதம் மணியன் வெள்ளைக் கோடு போட்ட சின்னப் பாம்பு ஒன்றை உயிரோடு அடுக்களைக்குள் கொண்டுவந்துவிட்டான். நாத்தனார் பிரசவத்துக்காக வந்து நிற்கிறாள். அவளை நினைத்தும் பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மட்டிப்பழம்:

அக்கா, பூனை என்றால் பிடிக்கத்தான் செய்யும். கடவுள் படைப்பு அது. எங்கள் வீட்டிலும் கொண்டுவந்து போடும், எடுத்து வாழை மூட்டில் குழி தோண்டிப் புதைத்துவிடுவோம். பருந்து குருவியைப் பிடிக்கவில்லையா, சாரை எலியைப் பிடிக்கவில்லையா? அதுபோல இதுவும். மனசைப் போட்டு உளப்ப வேண்டாம்.


தேரூர்க் குளத்தங்கரை:

தங்கச்சி, நான் குளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவன். பறவை பார்ப்பது பழக்கம். வீட்டில் பூனையும் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்துக் காலம் கழிப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மட்டிப்பழம் தம்பிக்கு. பருந்தும் சாரையும் அந்த நிலத்தில் இரை இருக்கும் அளவுக்குத்தான் இருக்கும். இரை குறைந்தால் அவையும் குறையும், இல்லை வேறு இடம் பார்த்துப் போகும். பூனை அப்படி இல்லை. அதற்கு நாம் சோறு போடுகிறோம். குருவி ஒன்றுகூட மிஞ்சாமல் போனாலும் பூனை அதே எண்ணிக்கையில் அங்கேயே இருக்கும், குட்டியும் போடும். நியூசிலாந்தில் ஸ்டீபன்ஸ் தீவு என்று ஒன்று. நம்ம முட்டத்தில் இருக்கிற மாதிரி 1894இல் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். ஆட்களோடு பூனையும் போனது. அந்தத் தீவில் மட்டும் மிஞ்சியிருந்த, பறக்கத் தெரியாத ஒரு சின்னக் குருவி இனம் சில வருஷத்துக்குள் உலகத்திலேயே இல்லாமல் போனது. நம்ம விளை தீவு இல்லைதான். ஆனாலும் வீட்டுக்கு இரண்டு பூனை என்றால் ஒரு ஊருக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறைந்த பூனையும் அசைகிறதைப் பார்த்தால் பதுங்கும். அதனால் பட்டினி போட்டால் நன்றாக எலி பிடிக்கும் என்பதும் சரியில்லை, வயிறு நிறைந்தால் வேட்டையை விட்டுவிடும் என்பதும் சரியில்லை. ஆனால் என்ன போடுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் 355 வீட்டுப் பூனைகளை வைத்துப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். தானியம் கலக்காத, இறைச்சிப் புரதம் கூடிய தீனி கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிஷம் ஆள் கூட இருந்து விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தது. மணி கட்டியதால் சொல்லும்படியாக ஒன்றும் குறையவில்லை. பூனை மெதுவாக நடக்கப் பழகினால் மணியும் பேசாமல் இருக்கும். அதனால் அதில் காசைப் போட வேண்டாம்.

நம்ம வீடுகளில் பூனைக்குப் போடுவது பெரும்பாலும் சோறு, அதில் ஒரு சாளைத் தலை. அது சோறுதான், இறைச்சி இல்லை. கடையில் பூனைத் தீனி வாங்க முடிந்தால் பாக்கெட்டில் இறைச்சி முதலில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். முடியாவிட்டால் சோற்றைக் குறைத்து, வேகவைத்த கோழியும் முட்டையும் மீனும் கூட்டிப் போடுங்கள். உப்பும் புளியும் உள்ளியும் போட்ட குழம்பை ஊற்ற வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்துக்கு ஆகாது.

ஆனால் இதைவிடப் பெரிய காரியம் நேரம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். எலி நடமாடுவது இரவில். குருவி தரையில் இறங்கி இரை எடுப்பது விடியலிலும் மாலையிலும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. அதனால் பூனையை அடைக்க வேண்டுமா, அவிழ்த்துவிட வேண்டுமா என்று யோசிக்க வேண்டாம். எந்த நேரத்தில் எங்கே விடுவது என்று யோசியுங்கள். என் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். சாயங்காலம் வெயில் தாழ்வதற்கு முன்னால் தட்டில் கரண்டியால் தட்டுவேன். அந்தச் சத்தத்துக்கு எங்கே இருந்தாலும் வந்துவிடும், ஏனென்றால் அந்த நாளின் நல்ல சாப்பாடு அப்போதுதான். தின்று முடித்ததும் பொருட்கள் அடுக்கிய புரையில் விட்டுக் கதவைச் சாத்துவேன். தண்ணீரும் ஒரு தட்டில் மணலும் உள்ளே உண்டு. ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்திருக்கிறேன். இரவெல்லாம் அங்கே எலிக்குக் காவல். காலையில் வெயில் நன்றாக ஏறி, தரையில் மேய்ந்த குருவிகள் மரத்துக்குப் போன பிறகுதான் கதவைத் திறப்பேன். பகலில் வெயிலுக்குப் பூனை பாதி நேரம் தூங்கத்தான் செய்யும். உங்கள் விறகுப்புரை இதற்கென்றே கட்டியது போல இருக்கிறது. மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், பூனையை அடைப்பது அல்ல, எலி வருகிற இடத்தில் எலி வருகிற நேரத்துக்குக் காவல் போடுவது என்று. ஒத்துக்கொள்வார்கள்.

ஆறுமணிக்குருவிக்கு இது ரொம்ப முக்கியம். அது இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. புரட்டாசி, ஐப்பசியில் வந்து இறங்கும்போது களைத்துத் தளர்ந்துபோய் இருக்கும். சுவரில் மோதி விழுவதும், வீட்டுக்குள் புகுந்துவிடுவதும் அந்த நாட்களில்தான். மற்ற நேரத்திலும் அது தரையில் நடந்து சருகைப் புரட்டித்தான் புழு எடுக்கும். ரப்பர் சருகில் மேய்கிற குருவிக்குப் பின்னால் பூனை வந்தால் தப்புவது கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் மட்டுமாவது காலையில் கதவைத் தாமதமாகத் திறங்கள். அதேபோல, தை மாசியில் இருந்து கொண்டைக்குருவி மாதிரி பலதுக்குக் குஞ்சுக் காலம். கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு சரியாகப் பறக்கப் பழகும்வரை தரையிலும் தாழ்ந்த செடியிலும்தான் இருக்கும். தாய்க்குருவிகள் ஒரு இடத்தில் கூட்டமாகக் கத்தினால் குஞ்சு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சில நாட்களுக்குப் பகலிலும் பூனையை வெளியே விடாதீர்கள்.

எங்கள் குளத்தங்கரையில் கானாங்கோழிக் குஞ்சுகள் கறுப்பாகப் பஞ்சு மாதிரி வரப்பில் ஓடும். வெயில் ஏறும் வரை பூனையை விடாமல் வைத்ததில் இப்போது தாயோடு நாலைந்து குஞ்சு பெரிசாகிப் போவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. பூனையின் கழுத்தில் பளிச்சென்ற நிறத்தில் துணி உறை. அதே ஆராய்ச்சியில் அது குருவிகளைப் பிடிப்பதை 42 சதவீதம் குறைத்தது, எலி பிடிப்பதைக் குறைக்கவில்லை. குருவிக்கு நிறம் நன்றாகத் தெரியும், தூரத்திலேயே பார்த்துப் பறந்துவிடும். எலிக்கு அந்தக் கண் இல்லை. நீங்கள் கேட்ட ஏற்பாடு இதுதான். நீங்கள் தையல்காரி வேறு.


ஓய்வு ஆய்வாளர்:

மக்ளே, நான் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தேரூர்க்காரர் வேட்டையைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் உடம்பு சம்பந்தமானதை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் குருவி ஏன் செத்தது என்று கேட்டாய். பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்று ஒரு பாக்டீரியா எப்போதும் இருக்கும். பல் ஊசி மாதிரி இறங்கி மேலே தோல் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே பெருகும். பறவைக்கு அது ரத்தத்தில் கலந்து ஒன்றிரண்டு நாளில் உயிரைக் கொண்டுபோய்விடும். பூனை வாயில் பட்ட பறவை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மருந்து வேண்டும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்து அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போ. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதே, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பிழைத்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைக்க வேண்டும். காட்டுப் பறவையைக் கூண்டில் வளர்க்க 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. பூனை உங்களைக் கடித்தாலும் இதே கிருமிதான், காயம் சின்னது என்று விடக் கூடாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பூனைகளுக்கும் வருஷா வருஷம் அந்த ஊசி போடு.

பாம்பைப் பற்றி. வெள்ளைக் கோடு போட்ட சின்னப் பாம்பு என்றால் விஷமில்லாத சுவர்ப்பாம்பாக இருக்கலாம், கட்டுவிரியனாகவும் இருக்கலாம். சுவர்ப்பாம்புக்குக் கோடு கழுத்துப் பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும், கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் மங்கி வால் பக்கம் தெளிவாகும். ஆனால் ராத்திரியில் அடுக்களைத் தரையில் குனிந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள். ஆட்களை வெளியே அனுப்பிக் கதவை மூடு, பாம்பு பிடிக்கத் தெரிந்தவர்களையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடு. செத்த மாதிரி கிடந்தாலும் கையால் எடுக்காதே. கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் அதிகம் தெரியாது, அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. நேராக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். பூனை திடீரென்று பின்கால் இழுத்தாலோ, கண் விரிந்து தள்ளாடினாலோ அதையும் உடனே டாக்டரிடம் கொண்டு போ. தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளினால் வேறு விஷயம். ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டுப் பார், நுரை நிற்காவிட்டால் டாக்டர்.

உன் நாத்தனாரைப் பற்றி. எலியும் குருவியும் தின்கிற பூனைக்கு டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரலாம், அது மலத்தில் வெளிவரும். கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். இதற்காகப் பூனையைக் கொண்டு விட வேண்டியதில்லை. அந்த மலம் வெளிவந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும். அதனால் மணல் தட்டை தினமும் வேறு யாராவது சுத்தம் செய்ய வேண்டும், அவள் தொடக் கூடாது. தோட்டத்து மண்ணைத் தொட்டால் கை கழுவணும், கீரை காய்கறி நன்றாகக் கழுவணும், இறைச்சி நன்றாக வேகணும். செத்த எலியை யாரும் வெறுங்கையால் எடுக்க வேண்டாம், கையில் கவர் மாட்டிக்கொண்டு எடுத்து ஆழமாகப் புதைக்கணும். நம்ம பக்கம் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் உண்டு, அது எலியின் சிறுநீர் வழியாக வருவது.

எலி மருந்து வைக்காதது நல்ல காரியம். பக்கத்து விளைக்காரர்களிடமும் சொல்லி வை. மருந்து தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடும், அதைத்தான் பூனை சுலபமாகப் பிடிக்கும். ரத்தம் உறையாமல் செய்கிற மருந்தென்றால் இரண்டு மூன்று நாள் கழித்துப் பூனையின் ஈறு வெளிறும், மூக்கில் ரத்தம் வரும். சீக்கிரம் கொண்டு போனால் வைட்டமின் கே ஊசியில் பிழைக்கும்.

வேட்டைப் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கட்டாயம். ஓணானும் பல்லியும் தின்கிற பூனைக்குக் கல்லீரலில் ஒரு புழு வரும், சாப்பிடாமல் மெலிந்து காது மஞ்சளித்தால் டாக்டரிடம் அதைச் சொல். நாய்க்கு ஊற்றுகிற உண்ணி மருந்தைப் பூனைக்கு ஊற்றாதே, காய்ச்சல் மாத்திரையும் கொடுக்காதே, இரண்டும் உயிரை எடுக்கும். கடைசியாக ஒன்று, இரண்டுக்கும் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடு. தாயும் மகனும் என்று பூனை பார்க்காது. அறுபத்தைந்து நாளில் நாலு குட்டி வந்தால் உன் விளையில் வேட்டைக்காரர்கள் ஆறு பேர் ஆகிவிடுவார்கள். ஆபரேஷன் செய்தால் எலி பிடிக்காது என்று சொல்வார்கள். அது உண்மை இல்லை, கடுவன் ஊர் சுற்றுவதுதான் குறையும்.


குலசேகரம் தையல்:

அண்ணாச்சிக்கும் ஐயாவுக்கும் ரொம்ப நன்றி. மாமியாரை உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். காவல் போடுகிற கணக்கு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. விறகுப்புரை ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி இருந்தது. அதை அவர்களே ஆள் வைத்து வலை அடித்து மூடச் சொன்னார்கள். எலி வர ஓட்டை இருக்கும், பூனை போக ஓட்டை இருக்காது. மணல் தட்டை அவரே பார்த்துக்கொள்வதாக என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார்.

முதல் இரவு மணியன் கதவைப் பிராண்டிக் கத்தினான். அம்மிணி ஒரு முனகல் கூட இல்லை, தேங்காய்க் குவியல் மேல் ஏறிப் படுத்துவிட்டாள். விளையாட்டுக் காட்டுவதற்குக் கோழி இறகை நூலில் கட்டி, தைத்தபடியே ஒரு கையால் ஆட்டுகிறேன். இறகைச் சட்டென்று இழுத்தால் அவளுக்குப் பிடிக்கவில்லை. மெஷினுக்கு அடியில் கொஞ்சம் மறைந்து, நின்று, பிறகு அசைந்தால்தான் பின்புறத்தை ஆட்டிப் பாய்கிறாள். பிடித்ததும் உடனே ஒரு துண்டு கோழி கொடுக்கிறேன்.

மட்டிப்பழம் தம்பி, நீங்கள் ஆறுதலுக்குச் சொன்னது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குருவி எத்தனையோ ஊர் தாண்டி வந்து என் முற்றத்தில் இறங்கியது. பூனையை இங்கே கொண்டுவந்தது நாங்கள். அதனால் அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு எங்களுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஏன் பிடித்ததை எல்லாம் என்னிடம் கொண்டுவந்து போடுகிறாள்? மாமியார் சொல்வது, அவளுக்கு என்மேல் பாசம் என்று.


மட்டிப்பழம்:

சரிதான் அக்கா. நானும் சாயங்காலச் சாப்பாட்டு முறையைத் தொடங்கிப் பார்க்கிறேன். எங்கள் வீட்டுப் பூனை இரவு எட்டு மணிக்கு முன் வராது, அதை மாற்ற வேண்டும்.


தேரூர்க் குளத்தங்கரை:

தங்கச்சி, தாய்ப்பூனை குட்டிகளுக்கு முதலில் செத்த இரையைக் கொண்டுவரும், பிறகு பாதி உயிரோடு, பிறகு முழு உயிரோடு கொண்டுவந்து முன்னால் விட்டுப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும். அம்மிணியின் அந்தக் கூப்பிடும் சத்தம் குட்டிகளைக் கூப்பிடுகிற சத்தம்தான். பிடித்ததைப் பயமில்லாத இடத்தில் வைத்துத் தின்பதும் பூனைக்குப் பழக்கம். உங்கள் மெஷின் காலடி அவளுக்கு அப்படிப்பட்ட இடமாக இருக்கிறது. மாமியார் சொன்னதை நானும் மறுக்க மாட்டேன். எதுவானாலும் அந்த நேரத்தில் அவளைத் திட்டவோ துரத்தவோ வேண்டாம். திட்டினால் பிடிப்பதை நிறுத்த மாட்டாள், உங்களிடம் கொண்டுவருவதை நிறுத்திவிடுவாள். அப்புறம் காப்பாற்றக்கூட உங்களுக்கு வாய்ப்பு இருக்காது. கோழித் துண்டைக் காட்டி வாயைத் திறக்க வையுங்கள்.


குளச்சல் வலைக்காரன்:

பகலிலும் வெளியே விட வேண்டாம் என்கிற நாட்களுக்கு ஒரு யோசனை. எங்கள் வீடு கடற்கரையில். பக்கவாட்டுத் திண்ணையைச் சவுக்குக் கம்பு நட்டு வலையால் மூடி இருக்கிறேன். பூனை வெயில் காயும், காற்று வாங்கும், காக்கையைப் பார்த்துப் பல்லைக் கடகடவென்று அடிக்கும், வெளியே போகாது. ஆனால் மீன் வலையைத் தொங்கவிடக் கூடாது, நகமும் கழுத்தும் சிக்கிக்கொள்ளும். கம்புச் சட்டத்தில் விறைப்பாக இழுத்து அடிக்க வேண்டும். கீழே முழங்கால் உயரத்துக்குக் கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலை நல்லது. உள்ளே ஏறி உட்கார ஒரு பலகை உயரமாக வையுங்கள், அது இல்லாவிட்டால் பூனை அங்கே இருக்காது.


குலசேகரம் தையல்:

நன்றி அண்ணா, பலகை யோசனை நல்லது. தேரூர் அண்ணாச்சி, கழுத்து உறைக்குத் துணி வெட்டி வைத்துவிட்டேன். சிவப்பும் மஞ்சளும் பூப்போட்ட ரவிக்கைத் துண்டு. உள்ளே எலாஸ்டிக் வைத்துத் தைக்கட்டுமா? ரப்பர் மரத்தில் சிரட்டை மாட்டுகிற கம்பியில் எங்கேயாவது சிக்கிவிடுமோ என்றுதான் யோசனை.


தேரூர்க் குளத்தங்கரை:

எலாஸ்டிக் வேண்டவே வேண்டாம். பூனை கழற்றப் பார்க்கும்போது முன்கால் அதற்குள் மாட்டிக்கொண்டு அக்குளை அறுத்துவிடும். பை, செருப்பில் வருகிற ஒட்டுப்பட்டை உங்களிடம் இருக்குமே, அதில் ஒரு சின்னத் துண்டு மட்டும் வைத்துத் தையுங்கள். கம்பியில் சிக்கினால் பூனை இழுக்கும் பலத்துக்கே பிரிந்து விழ வேண்டும். கையால் இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். உறை இரண்டு அங்குல அகலம் போதும், கழுத்துக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையணும். பூ சின்னதாக இருந்தால் தூரத்தில் தெரியாது, பெரிய பட்டையாக நிறம் வருகிற மாதிரி வெட்டுங்கள். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும்போது கட்டிவிட்டால் கழற்ற மறந்துவிடும். மழையில் நனைந்தால் அவிழ்த்துக் காயப் போடுங்கள், ஈரத்துணி கழுத்தில் புண் ஆக்கும். கழன்று விழத்தான் செய்யும், அதனால் ஒரே வெட்டில் ஏழெட்டு தைத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் எனக்கும் இரண்டு. தையல் கூலி அனுப்பித் தருகிறேன்.